எந்தப் பக்கம் இழுத்தது

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். வழக்கம்போல் முதலில் தண்ணீர் காய வைத்தேன். அது கொதிப்பதற்குள் வாசல் விளக்கை அணைத்து, நேற்றுக் காய்ந்த துணிகளை மடித்து வைத்தேன். கணவருக்குக் கோப்பி, எனக்கு வெந்நீர். எட்டு மணிக்கு முன் போய், நான் வேலை பார்க்கும் கிளினிக்கைத் திறந்தேன். மழைக்காலக் காய்ச்சலில் நோயாளிகள் நிறைய. மதியம் முழுவதும் மழை. ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் கோலசிலாங்கூர் பெரிய சாலையில் இருக்கும் டயர் கடைக்குப் போனேன். நான்கு டயர்களும் தேய்ந்துவிட்டன என்று போன சர்வீஸிலேயே சொல்லியிருந்தார்கள்.

கடைக்காரர் பாய் கிளினிக்குக்கு வந்து போகிறவர், முகப் பழக்கம் உண்டு. மூன்று டயர்களை உருட்டி வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"பிடிப்பு வேணுமாக்கா, நாள் உழைக்கணுமா, சத்தம் இல்லாம இருக்கணுமா? மூணையும் ஒண்ணா கேக்காதீங்க, கிடைக்காது."

நான் டயர்களைப் பார்த்தபடி நின்றேன். அந்த வரிசையில் அந்த மூன்றையும் கேட்டவர் என் வாழ்க்கையில் ஒரே ஒருவர்தான். பாய் என் தயக்கத்தைக் குழப்பம் என்று எடுத்துக்கொண்டு, நடுவில் நின்ற டயரைத் தட்டினார்.

"இத எடுங்க. நம்ம ஊர்ல முன்ன ஒருத்தர் இருந்தாரு, ரெண்டு ரெண்டா ஓட்டிப் பாத்துத்தான் சொல்வாரு. இந்தக் கம்பெனியோட பழைய மாடலை அவருதான் நல்லதுன்னாரு. இது அதோட புதுசு. இன்னைக்கு வரைக்கும் அவரு பேச்ச வெச்சுத்தான் விக்கிறேன்."

அவர் என் அக்காளின் புருஷன் என்பது பாய்க்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நான்கையும் அதையே போடச் சொன்னேன்.

அத்தான் புக்கிட் பெருந்துங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தார். சிவந்த மெல்லிய மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் உள்ளே நுழைவதற்கு முன் வாசலில் நிற்கும் கார்களின் பக்கத்தில் குந்தி, டயரின் பள்ளங்களில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார். "மாப்பிள்ளை கைநாட்டு வெச்சுட்டு வராரு, இலை போடுங்க" என்று எங்கள் சித்தப்பா கிண்டல் செய்வார். எங்கள் அப்பா இறந்தபோது சவ வண்டியின் டயரையும் அவர் அப்படித் தொட்டுப் பார்த்தார். எழுந்து கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, மழை பிடிப்பதற்குள் எடுத்துவிடுவது நல்லது என்று மட்டும் பெரியவர்களிடம் சொன்னார். எடுத்துவிட்டோம்.

அவருடைய கார் பழைய உள்ளூர்க் கார். அதற்கு வேகக் கார்களுக்குப் போடும் டயர்களை மாட்டியிருப்பார். தாத்தாவுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்ட மாதிரி இருக்கிறது என்று உறவுக்காரப் பையன்கள் சிரிப்பார்கள். "தாத்தா வழுக்கி விழ மாட்டாருலா" என்பார் அவர், சிரிக்காமல். அதே பையன்கள் கார் வாங்கியதும் முதலில் அவரிடம்தான் வருவார்கள். ஜப்பான்காரனைப் போடலாமா, ஜெர்மன்காரனைப் போடலாமா என்று கேட்பார்கள். டயர்களை அவர் நாட்டுப் பெயரால்தான் அழைப்பார். ஜெர்மன்காரன் ஈரத்தில் ஒட்டிக்கொள்வான், ஆனால் சீக்கிரம் கரைந்துவிடுவான். கொரியாக்காரன் நாள் உழைப்பான், ஆனால் பாதி வயது தாண்டினால் ஊளையிடுவான். மனிதர்களைப் பற்றி அவர் இவ்வளவு விவரமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அவருக்கு ஒரு பொருளை மட்டும் தனியாகப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்லத் தெரியாது. பக்கத்தில் இன்னொன்று வேண்டும். கோப்பித் தூள் வாங்கினால் இரண்டு வகை வாங்கி, இரண்டு கோப்பையில் கலக்கி, மாறி மாறிக் குடிப்பார். பல்வலிக்கு இரண்டு டாக்டரைப் பார்த்தார். திருமணமான புதிதில் அக்கா, சுங்கை செம்பிலாங்கிலிருந்து வந்த மீனை வாங்கி ஆசையாகக் குழம்பு வைத்து, எப்படி இருக்கிறது என்று கேட்டாளாம்.

"எதோட வெச்சு?" என்றாராம் அவர்.

அக்கா அதை என்னிடம் சொன்னபோது முகத்தில் சிரிப்புதான் இருந்தது. அடுத்த வாரம் அவள் அதே மீனை இரண்டு சட்டியில் வைத்தாள். ஒன்றில் புளி தூக்கல், ஒன்றில் மிளகு தூக்கல். அன்று நானும் சாப்பாட்டுக்கு இருந்தேன். அவர் இரண்டையும் பிசைந்து சாப்பிட்டபடி, எது நாக்கின் எந்த இடத்தில் தங்குகிறது, எது ஆறியபின் தேறும் என்று சாப்பாடு முடியும் வரை பேசினார். அக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் அன்றைக்கே சரியாகப் பார்த்திருக்க வேண்டும்.

அக்கா பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி. தினமும் தன் சின்னக் காரில் போய் வருவாள். அந்தச் சாலையைப் போல ஒரு சாலை கிடையாது என்பார் அத்தான். முதலில் புதுத் தார், பிறகு சிமெண்டுப் பாலம், பிறகு ஒட்டுப் போட்ட பழைய தார். தோட்டத்து எல்லைக்குள் லோரிகள் இறைத்துக்கொண்டு போகும் செம்மண்ணும், சக்கரத்தில் நசுங்கி எண்ணெய் விட்டுக் கிடக்கும் செம்பனைப் பழமும். மழை பெய்தால் அந்த எண்ணெயின்மேல் தண்ணீர். மற்றவர்களுக்கு அது கெட்ட சாலை. அவர் அதைச் சொல்லும்போது கண் மின்னும்.

அக்கா சாயங்காலம் வீடு திரும்பியதும் அவர் அவளுக்கு எதிரே வந்து உட்காருவார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டிவியை நிறுத்திவிடுவார். சாலை எப்படி இருந்தது, மழையில் பயமாக இருந்ததா, பாலத்தின்மேல் சத்தம் மாறியதா, வளைவில் வண்டி அவள் பேச்சைக் கேட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அக்கா செருப்பைக் கழற்றக்கூட எழாமல் பதில் சொல்லுவாள்.

"சத்தம் எந்தக் காதுல கேட்டுச்சு?" என்பார்.

"வலது காதுல."

"மழைக்கு முன்னயா, பின்னயா?"

"மழை விட்டதுக்கப்புறம்."

அவர் மெல்லத் தலையாட்டுவார். சில நாள் அவள் கையைத் தட்டிக் கொடுப்பார். எங்கள் சாதிசனத்தில் எந்தப் புருஷன் மனைவியை இப்படி உட்கார வைத்து விசாரிக்கிறான் என்று அக்கா பெருமைப்படுவாள். என் கணவர் நல்லவர்தான். ஆனால் ஒருநாளும் வழியில் பயந்தாயா என்று கேட்டதில்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அக்காவின் புருஷன் ஜெயித்தார். அதை என் கணவரிடம் சொல்லியும் காட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் காலைப் பூசைக்கு அக்கா என் காரில்தான் வருவாள். அது அத்தான் செய்த ஏற்பாடு. வாரம் முழுக்க அவள்தான் ஓட்டுகிறாள், ஒருநாளாவது பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வரட்டும் என்று என்னிடம் சொன்னார். அவர் வரமாட்டார். கைலியோடு வாசலில் நின்று எங்களை அனுப்பிவைப்பார். நாங்கள் திரும்பும்போது குளித்து முடித்திருப்பார், அக்காவின் காரைக் கழுவித் துடைத்து வைத்திருப்பார். அதையும் நான் என் கணவரிடம் சொன்னேன்.

ஒரு மழைக்கால மாலையில், அக்கா வேலையிலிருந்து திரும்பும் வழியில் விபத்து நடந்தது. தோட்டத்து அலுவலகத்திலிருந்து எனக்குத்தான் முதலில் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மழை தூறலாகியிருந்தது. அக்காவின் கார் தோட்ட வாசலை ஒட்டிய வளைவில், பின்பக்கம் வாய்க்காலுக்குள் இறங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. முன்னால் போன பழ லோரி நின்றதைப் பார்த்து அவள் பிரேக் போட்டிருக்கிறாள். கார் நேரே நிற்காமல் சட்டென்று எதிர்ப்பக்கத்துக்கு இழுத்து, அரை வட்டமாகச் சுழன்று வாய்க்காலில் விழுந்திருக்கிறது. அந்த நேரம் எதிரில் எதுவும் வரவில்லை. அக்கா சாலையோரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இடது கையை யாரோ துண்டால் கட்டிவிட்டிருந்தார்கள். உதடு வெளுத்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.

சிறிது நேரத்தில் அத்தான் வந்தார். காரைப் பார்க்கவில்லை, நேராக அக்காவிடம் போனார். அவள் முன்னால் ஈரத்தில் முழங்காலிட்டு, அடிபடாத கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரேக் வெச்சப்ப எந்தப் பக்கம் இழுத்துச்சு?" என்றார்.

"வலது பக்கம்."

"கொஞ்சம் கொஞ்சமாவா, ஒரேடியாவா?"

"ஒரேடியா."

அவர் மெல்லத் தலையாட்டினார். சாயங்காலங்களில் டிவியை நிறுத்திவிட்டு ஆட்டும் அதே ஆட்டம்.

லோரி டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நடுத்தர வயதுக்காரர், தன்னால்தான் ஆனது என்ற கலக்கம் அவருக்கு.

"அண்ணே, முன் டயரு ரெண்டையும் பாத்தீங்களா?" என்றார். "இடது ஒரு கம்பெனி, வலது ஒரு கம்பெனி. இடதுல பிடிப்பே இல்ல. மழையில இப்பிடி ஓட்டுனா சுத்தாம என்ன செய்யும்? எவனோ கடைக்காரன் உங்கள நல்லா ஏமாத்திட்டான்லா."

"யாரும் ஏமாத்தல," என்றார் அத்தான். "நான்தான் போட்டேன்."

அவர் குரலில் மறைப்பு இல்லை, வெட்கமும் இல்லை. கேட்டதற்குச் சரியான பதிலைச் சொன்ன குரல். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில், அக்காவை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போனபின், வராந்தாவில் அவரைக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். இரண்டு டயரை ஒப்பிட வேண்டும் என்றால் ஒரே சாலை, ஒரே மழை, ஒரே ஆள் வேண்டும். இன்று ஒன்றை மாட்டி, அடுத்த மாதம் இன்னொன்றை மாட்டினால் சாலையும் மாறியிருக்கும், மழையும் மாறியிருக்கும். அதனால் ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் போடுவாராம். சாலையோரத் தண்ணீர் எப்போதும் இடது சக்கரத்துக்குத்தான் என்பதால், கொஞ்ச நாள் கழித்துப் பக்கம் மாற்றுவாராம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி ஒரே மாதிரி சக்கர மூடிகள். பின் கொட்டகையில் ரிம்மில் ஏற்றிய சக்கரங்கள் தயாராக இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பூசையில் இருக்கும் நேரத்தில் மாற்றுவாராம்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான்."

"சொன்னா கவனமா ஓட்டுவா. கவனமா ஓட்டுனா டயர் எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கார்ல போட்டு நீங்களே ஓட்டிப் பாக்குறது."

"எனக்குத்தான் எந்தப் பக்கம் எதுன்னு தெரியுமே. தெரிஞ்ச கை பொய் சொல்லும்மா."

ஒரு குழந்தைக்கு விளக்குவதைப் போலப் பொறுமையாகச் சொன்னார். மோசமான டயரை ஒருநாளும் அவளுக்குப் போட்டதில்லை, இரண்டும் நல்ல டயர்தான், எது கூடுதல் நல்லது என்பதுதான் கேள்வி என்றார். ஜெயித்த டயர் என்ன ஆகும் என்று கேட்டேன். ஜெயித்தது தன் காருக்குப் போகும் என்றார். அதைச் சொல்லும்போதும் அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அக்காவின் காரில் அடுத்த ஜோடி ஏறும். அவள் கார் எத்தனையோ வருடமாக ஒருநாளும் இரண்டு பக்கமும் ஒன்றாக நின்றதில்லை.

இனி இது நடக்கக்கூடாது, அக்கா கொஞ்சம் தேறியதும் நானே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை. கையிலிருந்த ஒரு நல்ல கருவியை யாரோ கீழே போட்டு உடைத்துவிட்டதைப் போன்ற பார்வை. "அப்ப சரி," என்றார்.

மறுநாள் வார்டில், கட்டுப் போட்ட கையோடு படுத்திருந்த அக்காவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னேன், மூடிகளைச் சொன்னேன், சாயங்காலக் கேள்விகள் எதற்காக என்று சொன்னேன். நடுவில் என் குரல் உடைந்தது.

"தெரியும்," என்றாள் அக்கா.

நான் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

"கல்யாணம் ஆன வருஷமே தெரியும். ஸ்டியரிங் புடிக்கிறவளுக்குத் தெரியாதா? திங்கக்கிழமை வண்டிய எடுத்தா வேற வண்டி மாதிரி இருக்கும்."

"அப்ப ஏன்க்கா ஒண்ணும் சொல்லல?"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு நிறுத்திருவாரு. அப்புறம் எங்கிட்ட என்னத்தக் கேக்கப்போறாரு?" கூரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவள், என் பக்கம் திரும்பினாள். "நீ அவருகிட்ட ஏதும் சொல்லிட்டியா?"

சொல்லிவிட்டேன் என்றேன். உனக்கும் சொல்லப்போவதாகச் சொன்னேன் என்றேன். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கொண்டுபோன கஞ்சியை அன்று அவள் தொடவில்லை.

காரைப் பழுது பார்த்ததும் அத்தான் அதற்கு நான்கு புது டயர்களைப் போட்டார். நான்கும் ஒன்றே, அதுவரை அவர் பார்த்தவற்றில் ஆகச் சிறந்தது. என்னிடம் சரி என்று சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பின் கொட்டகையிலிருந்த சக்கரங்களை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு அக்கா வேலையிலிருந்து வந்தால் அவர் டிவியை நிறுத்துவதில்லை. நான்கும் ஒன்றாக இருந்தால் அதைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது என்று, வீட்டுக்கு வந்த ஒரு பையனிடம் அவர் சொன்னதை நானே கேட்டேன். அக்கா வருவாள், செருப்பைக் கழற்றுவாள், சமையலறைக்குப் போவாள். அவள் திரும்பவும் இரண்டு சட்டியில் குழம்பு வைத்துப் பார்த்தாளாம். அவர் ஒன்றை மட்டும் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்தாராம். தெரிந்தே வைத்த குழம்பில் என்ன சோதனை இருக்கிறது?

ஒருமுறை நான் அவள் காரில் ஏற நேர்ந்தது. தோட்டத்துச் சாலை, மழை. கார் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. நல்ல டயர் என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"நல்ல டயர்தான்," என்றாள் அக்கா. "ஒரு சத்தமும் இல்ல."

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என் காரில் வரவில்லை. தன் காரிலேயே பூசைக்கு வந்து, வேறு வரிசையில் உட்கார்ந்து, நான் வெளியே வருவதற்குள் கிளம்பிவிடுவாள். நான் செய்தது சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எதிரில் ஒரு லோரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் என்னை மன்னிக்கவில்லை.

அத்தான் ஆறு வருடத்துக்கு முன் நெஞ்சு வலியில், வீட்டில் படுக்கையிலேயே இறந்தார். அடக்கத்துக்குக் கார் பைத்தியங்கள் நிறைய பேர் வந்திருந்தார்கள், புக்கிட் பெருந்துங்கிலிருந்தும் சுங்கை பெசாரிலிருந்தும். வாசலில் கூட்டமாக நின்று அவரைப் பற்றிப் பேசினார்கள். அவர் நல்லது என்று சொன்ன டயர் ஒருநாளும் கைவிட்டதில்லை, அவரைப்போல ஓட்டிப் பார்த்துச் சொல்ல இனி இந்த வட்டாரத்தில் ஆளில்லை என்று ஒருவர் சொன்னார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"ஓட்டினது நான்," என்றாள்.

துக்கத்தில் என்னவோ சொல்கிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அங்கே இருந்தது பெருமை. அத்தனை வருடத்தில் அவள் அவரோடு சேர்ந்து செய்த ஒரே காரியத்துக்கு உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை டயர் மாற்றிக்கொண்டு, ஆறரை மணிக்குமேல் கடையிலிருந்து கிளம்பினேன். மறுபடி மழை பிடித்துக்கொண்டது. ஜெரம் பக்கம் வரை சும்மா ஓட்டிப் பார்த்தேன். வளைவில் கார் சொன்னபடி கேட்டது. வீட்டுக்கு வந்தபோது கணவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். டயர் போட்டாச்சா என்றார், போட்டாச்சு என்றேன். சாப்பிட்டுப் படுத்தேன். பாய் தட்டிக் காட்டிய டயரே நினைவில் இருந்தது. அக்காவின் கையை உடைத்த சாலையில் தேர்வான வம்சத்து டயர் இப்போது என் காரில் நிற்கிறது.

நவம்பர் 20, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். தண்ணீர் வைக்கவில்லை. முதல் வேலையாக அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவாள் என்று தெரியும். நாங்கள் கடைசியாகப் பேசியது ஈஸ்டருக்கு.

"கார் டயரு மாத்தினேன்க்கா," என்றேன். கம்பெனி பேரைச் சொன்னேன்.

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன்.

"அதுவா," என்றாள் பிறகு. குரல் வேறாக இருந்தது, செருப்போடு உட்கார்ந்து பதில் சொல்லும் பழைய குரல். "அது மழையில நல்லா நிக்கும். தேய்மானம்தான் சீக்கிரம். சிமெண்டுப் பாலத்துல மட்டும் லேசா ஒரு சத்தம் வரும், கேட்டுப் பாரு. நாலும் அதேதானா?"

"நாலும் அதேதான்க்கா."

"அப்ப உனக்கு ஒண்ணும் தெரியாது," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகுதான் தண்ணீர் காய வைத்தேன்.